துணியில் படாத கால்

ஹெப்சிபா டீச்சர் விசில் ஊதினால் போதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்கள்கூட இன்றைக்கும் முதுகை நிமிர்த்தி நிற்பார்கள். பி.டி. டீச்சர் என்றால் சும்மாவா? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வெயிலில் ஓடவிட்டு, "வயித்து வலி மிஸ்" என்று சாக்குச் சொன்னவர்களை இன்னும் ஒரு சுற்று கூடுதலாக ஓடவிட்டவள். அப்படிப்பட்டவள் இப்போது தன் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பிசியோதெரபி செய்ய வந்த சின்னப் பெண்ணிடம், "எனக்கு இன்னைக்குத் தலவலியா இருக்கும்மா, நாளைக்குச் செய்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரிக்கு அதைக் கேட்கச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிப் பட்டறையில் காயப்போடும் களத்துக்கு அவள்தான் பொறுப்பு. வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து இங்கே வருவதும், ஹெப்சிபாவிடம் நாலு வசவு வாங்கிக்கொண்டு திரும்புவதும் தை மாதத்திலிருந்து வாடிக்கையாகிவிட்டது. இரண்டு பேரும் ராஜபாளையத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பாவாடை கட்டின வயசிலிருந்து பழக்கம்.

தை மாதத்தில்தான் அது வந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் சேலைக் கொசுவத்தைச் செருகும்போதே இடது கையும் காலும் விட்டுப்போயின. பக்கவாதம். கை கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. கால்தான் பிடிவாதம் பிடித்தது.

"டீச்சர், காலை வட்டம் போட்டு வீசாதீங்க" என்றாள் பிசியோ பெண் காளீஸ்வரி. பொறுமைசாலி. "முட்டிய மடக்கி நேரா மேல தூக்குங்க. பொறவு முன்னால வைங்க. இப்படிப் பக்கவாட்டுல சுத்திச் சுத்திக் கொண்டுவந்தா எங்கயாவது தட்டி விழுந்துருவீங்க."

"முட்டி மடங்குனா நான் ஏம்மா வட்டம் போடப்போறேன்? கோலம் போடுறதுக்கா?"

"மடங்கும் டீச்சர். அன்னைக்குப் படுத்துக்கிட்டு மடக்குனீங்கள்ல? நடக்கும்போது மறந்துபோகுது. பழக்கணும்."

"நாளைக்குப் பழக்குவோம். போய்ட்டு வா."

காளீஸ்வரி பாண்டீஸ்வரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

ஹெப்சிபா ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தாயிற்று. பாத்ரூம் வாசலில், அந்த வட்டம் போடுகிற கால் நிலைப்படியில் தட்டி, விடியற்காலையில் விழுந்தவள், பால்காரர் வந்து மணியடித்து மணியடித்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக எட்டிப் பார்க்கிறவரைக்கும் ஈரத் தரையிலேயே கிடந்தாள். அந்தச் செய்தி போன அன்றே சென்னையிலிருந்து மகன் சதீஷ் ஓடிவந்தான். புருஷன் ஜோசப் சார் போனபிறகு ஹெப்சிபாவுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். ஈஸ்டர் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டான். வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிடலாம், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தான்.

"சித்தி, நான் என்ன ஆசைப்பட்டா கூட்டிப்போறேன்?" என்று அன்றைக்கே பாண்டீஸ்வரியிடம் தனியாகச் சொன்னான். "அம்மா ஒத்தையில பாத்ரூம் போய்ட்டு விழாம வந்துருவாங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். ராத்திரி போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிருது."

அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஹெப்சிபாவுக்கு இந்த வீட்டை விட்டால் என்ன இருக்கிறது? ஜோசப் சாரோடு லோன் போட்டுக் கட்டிய வீடு. நடந்து போகிற தூரத்தில் கோயில், அவள் பாடுகிற பாடகர் குழு. கல்லறைத் தோட்டத்தில் சார். பள்ளிக்கூட மைதானத்தின் வேப்பமரத்தடி. சென்னையில் அவன் இருப்பது மாடிக்கு மேல் மாடி. அங்கே போய் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரை அதட்டுவாள்?

"பயிற்சியச் செய்யேன்ட்டி. ஒம்மகன் வாயை அடைக்க வேற வழி இருக்கா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"வாசல்ல நடக்கச் சொல்லுதா அந்தப் பிள்ள. வாசல்ல நடந்தா நான் பாடம் எடுத்த பிள்ளையெல்லாம் போகும் வரும். 'அய்யோ டீச்சர்'னு உச்சுக் கொட்டும். எனக்கு அதத் தாங்க முடியாது பாண்டி. அதுக்கு மெட்ராசுலேயே போய்க் கெடந்துக்கிடலாம்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள் என்று பாண்டீஸ்வரிக்குத் தெரியும். தெரியாத மாதிரி அடுப்படிக்குள் போய்க் காப்பி போட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது. அதே ரோடு. பாழாய்ப்போன மனசு சும்மா இருக்குமா? பின்னாலேயே ஓடிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், ஊரெல்லாம் கராத்தே பித்துப் பிடித்து அலைந்த காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் சமுத்திரம் மாஸ்டர். மின்வாரியத்தில் லைன்மேன். போஸ்ட் கம்பத்தில் ஏறி ஏறிக் கால் இரண்டும் இரும்பாக இருந்த மனுஷர். ஹெப்சிபா காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, பைபிள் வைத்த பையிலேயே வெள்ளை உடுப்பையும் திணித்துக்கொண்டு வருவாள். பாண்டீஸ்வரியின் உடுப்பு மில்லில் கழித்த துணியில் தைத்தது. துவைக்கத் துவைக்கச் சுருங்கி, கால்சட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. அதைப் பார்த்து ஹெப்சிபா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பஸ்ஸில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

காலைச் சுழற்றி உதைக்கிற ரவுண்டு கிக்கை மாஸ்டர் சொல்லிக்கொடுத்த நாள் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த உதைக்கு அவர் நாலு பெயர் வைத்திருந்தார். முட்டி, திருப்பு, வீச்சு, இழுப்பு. முதலில் முட்டி மேலே வரவேண்டும். அப்புறம் நிற்கிற காலைத் திருப்பி இடுப்பைத் திருப்ப வேண்டும். அப்புறம் பாதத்தை வீச வேண்டும். எல்லாரும் வீசியதோடு விட்டுவிட்டார்கள். மாஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"எத்திட்டு அப்படியே தொபுக்குனு போட்டா எப்படி? எதிராளி பிடிச்சுக்கிடுவான்லா? இழுக்கணும்! போன காலு வீட்டுக்குத் திரும்பி வரணும். வந்தாத்தான் அது கிக்கு. வராட்டி அது சறுக்கல்."

ஞாயிற்றுக்கிழமை கற்றதை மற்ற நாட்களில் பழக வேண்டாமா? எங்கே பழகுவது? வயசுக்கு வந்த பிள்ளை காலைத் தூக்கி எத்துவதைத் தெருவில் நாலு பேர் பார்த்தால் அன்றைக்கே வீட்டுக்குப் புகார் வந்துவிடும். இரண்டு பேருக்கும் அகப்பட்ட இடம், பாண்டீஸ்வரியின் அம்மா அழகுத்தாய் வேலை பார்த்த இதே காயப்போடும் களம்தான்.

வெளுத்து வரும் பேண்டேஜ் துணியை உயரமாகக் கட்டிய கயிறுகளில் நீள நீளமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நடக்கிற அளவுக்குத்தான் சந்து. இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி. உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே இருக்கிற ஒரு கண்ணுக்கும் தெரியாது. குளுகுளுவென்று ஈரக் காற்று வேறு. அந்தச் சந்துக்குள் ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடிப்பாள், மற்றவள் அதை உதைப்பாள்.

ஒரே ஒரு சங்கடம். அது புண்ணில் கட்டுகிற துணி. தூசிக்கால் பட்டுவிட்டால் அந்தத் துணி முழுவதும் மறுபடியும் தொட்டிக்குப் போகவேண்டும், அழகுத்தாய் முதலாளியிடம் பேச்சு வாங்கவேண்டும். அதனால் அவள் களத்தின் அந்தக் கோடியிலிருந்தே காது கிழியக் கத்துவாள். "ஏட்டி, துணியில பட்டுச்சு, காலை ஒடிச்சிருவேன்!"

மைதானத்தில் மற்ற பிள்ளைகள் காலைப் பக்கவாட்டில் அகலமாகச் சுழற்றி உதைத்தார்கள். இவர்கள் சந்துக்குள் அப்படிச் சுழற்றினால் துணி தொலைந்தது. ஆகவே முட்டியை நெஞ்சுக்கு நேரே தூக்கி, கடைசி நொடியில் மட்டும் இடுப்பைத் திருப்பி, பாதத்தைச் சடக்கென்று விட்டு, விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டார்கள். தப்பாகப் பழகுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

பச்சை பெல்ட் பரீட்சைக்கு மதுரையிலிருந்து ஒரு பெரிய மாஸ்டர் வந்தார். பாண்டீஸ்வரியை முதலில் கூப்பிட்டார்கள். உதைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை உதைக்கச் சொன்னார். உதைத்தாள்.

"என்னம்மா இது? ரவுண்டு கிக்குல ரவுண்டு எங்கம்மா?" என்றார்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சமுத்திரம் மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. பாண்டீஸ்வரிக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. தோல்வி.

அடுத்து ஹெப்சிபா. அவளுக்கு என்ன? நெடுநெடுவென்று கால். மைதானத்தில் மற்றவர்களோடு நிற்கும்போது வட்டமாகவும் சுழற்றி உதைப்பாள், பார்க்க அம்புட்டு அழகாக இருக்கும். அவள் பாஸ்தான் என்று பாண்டீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஹெப்சிபா முன்னே வந்து வணக்கம் வைத்தாள். முட்டியை நெஞ்சுக்கு நேரே தூக்கினாள். சடக்கென்று சந்து உதையை உதைத்து இழுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை உதைக்கச் சொன்னார்கள். அதே உதை. அவளும் தோல்வி.

"ஏட்டி, ஒனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று பஸ்ஸில் பாண்டீஸ்வரி அவளைப் பிடித்து உலுக்கினாள். "ஒனக்குத்தான் நல்லா வருமே!"

ஹெப்சிபா கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள், "ஒத்தையில பச்சை பெல்ட்டக் கட்டிக்கிட்டு, பஸ்ஸுல நான் யாரோட பேசிட்டு வாரது?"

அவ்வளவுதான். அடுத்த பரீட்சை வருவதற்குள் மாஸ்டருக்கு எங்கேயோ மாற்றல் வந்துவிட்டது. வகுப்பும் நின்றது. இரண்டு பேரும் ஆயுசுக்கும் மஞ்சள் பெல்ட்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பாண்டீஸ்வரியின் கண் கலங்கித்தான் இருந்தது. யாராவது கேட்டிருந்தால் தூசி என்று சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலையில் களத்தில் துணி காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு சந்துக்குள் நடந்து போனாள். பாதி தூரம் போனவள் சட்டென்று நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். இன்னும் நாலு எட்டு வைத்தாள், மறுபடியும் பார்த்தாள். முட்டி மடங்கி நேராக மேலே வந்தது, பிறகு முன்னே போனது. பக்கத்தில் தொங்கிய துணி அசையவே இல்லை. இத்தனை வருஷமாக இந்தச் சந்துக்குள் இப்படித்தான் நடக்கிறாள். இங்கே வேலை பார்க்கிற எல்லாப் பெண்களும் இப்படித்தான் நடக்கிறார்கள்.

"அட மூதேவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் பிள்ள காளீஸ்வரி தெனமும் இதத்தான சொல்லிட்டுக் கெடக்கு!"

உடனே காளீஸ்வரிக்குப் போன் போட்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இடுப்புல அகலமா ஒரு பெல்ட்டக் கட்டி, பின்னால நீங்க பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்க வைக்கணும். விட்டுறக்கூடாது" என்றாள்.

பெல்ட்டுக்கு எங்கே போவது? பாண்டீஸ்வரி வீட்டுப் பரணில் ஒரு பழைய மெத்தையைச் சுருட்டி மஞ்சள் நிற நாடா ஒன்றால் கட்டி வைத்திருந்தது. மெத்தையை அவிழ்த்துப் போட்டுவிட்டு நாடாவை உதறினாள். தடிமனான, தையல் விடாத கராத்தே பெல்ட். மெத்தை கட்டவாவது ஆயிற்றே என்று அத்தனை காலம் இருந்திருக்கிறது.

ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவருவதற்குள் ஹெப்சிபா ஏசாத ஏச்சில்லை. களத்து வாசலில் இறங்கமாட்டேன் என்று ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்னை என்ன பொருட்காட்சிக்கா கொண்டுவந்துருக்க? வேலை பாக்குற பொம்பளையெல்லாம் வேடிக்கை பாக்கும்."

"உள்ள போய்ட்டா யாரு கண்ணுக்கும் தெரியாதுட்டி. மறந்துபோச்சா?"

ஹெப்சிபா தலையைத் திருப்பி அந்த வெள்ளை வரிசைகளைப் பார்த்தாள். எம்புட்டு நேரம் பார்த்தாளோ, கை தானாகக் கம்பியை விட்டது.

சந்துக்குள் நிறுத்தி, இடுப்பில் மஞ்சள் பெல்ட்டைக் கட்டி, பாண்டீஸ்வரி பின்னால் பிடித்துக்கொண்டாள். வலது கால் போயிற்று. இடது கால் பழைய குணத்தைக் காட்டிப் பக்கவாட்டில் பெரிதாக ஒரு வட்டம் போட்டது. செருப்பு துணியில் உரசி, வெள்ளையில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

"ஏட்டி! துணியில பட்டுச்சு, காலை ஒடிச்சிருவேன்!"

பாண்டீஸ்வரி யோசித்துச் சொல்லவில்லை. தொண்டையிலிருந்து அப்படியே அழகுத்தாயின் குரலில் வந்துவிட்டது. ஹெப்சிபா ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! தை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள் பாண்டீஸ்வரி. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுகையில் போய் நின்றாள். இருவரும் துணிச் சந்துக்குள் நின்று ஒரு பாட்டம் அழுதார்கள். வெளியே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"முட்டி" என்றாள் பாண்டீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மாஸ்டர் சொன்ன மாதிரி. மொதல்ல முட்டி."

ஹெப்சிபா பல்லைக் கடித்தாள். இடது முட்டி நடுங்கி நடுங்கி, ஒரு கையளவு மேலே வந்தது. பாதம் முன்னே போய் விழுந்தது. துணி அசையவில்லை.

கறுப்புக் கோடு விழுந்த துணியை முதலாளி ராஜா பார்த்துவிட்டார். "ஏமிம்மா பாண்டீஸ்வரி, இது என்ன கூத்து?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், மஞ்சள் பெல்ட்டோடு வியர்த்து நின்ற ஹெப்சிபாவைப் பார்த்தார். அவருடைய மகளும் ஹெப்சிபாவிடம் ஓடி ஓடிக் களைத்தவள்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கடைசி வரிசையில வச்சுக்கோங்க. டீச்சரை வெயில்ல நிக்க விடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுவதும் அந்தக் கடைசிச் சந்துதான் அவர்களுடைய மைதானம். சாயங்காலம், துணி எடுப்பதற்குச் செத்த நேரம் இருக்கும்போது ஆட்டோ வந்து நிற்கும். சில நாள் கால் சொன்னபடி கேட்டது. சில நாள் கேட்கவே இல்லை, கோடு கோடாக விழுந்தது, பாண்டீஸ்வரி அத்தனையையும் தானே அலசினாள். பிறகு பெல்ட்டில் பிடித்த கையைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு விட்டேவிட்டாள். காளீஸ்வரி ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து பார்த்துவிட்டு, டீச்சர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இத எங்க படிச்சீங்க?"

"பரீட்சையில ஃபெயிலான பாடம்மா இது" என்றாள் ஹெப்சிபா.

அந்தப் பேச்சும் நடையும் நாளுக்கு நாள் பழைய டீச்சராகிக்கொண்டிருந்தன. ஹெப்சிபாவுக்குப் பசி வந்தது, கோபம் வந்தது, ஆட்டோக்காரரை "நேரத்துக்கு வரத் தெரியாதா?" என்று அதட்டுகிற தெம்பும் வந்தது. பாண்டீஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், வீட்டில் ஹாலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து பார்க்கலாம் என்று ஹெப்சிபா எழுந்தாள். முதல் எட்டிலேயே இடது கால் வட்டம் போட்டது. இரண்டாவதும் வட்டம். நாற்காலிக் காலில் பாதம் மாட்டி, பாண்டீஸ்வரி தாங்கியிருக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

"துணி இல்லாட்டி என் காலுக்குப் புத்தி இல்ல பாண்டி." நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள் ஹெப்சிபா. "நாளைக் கழிச்சு அவன் வந்துருவான். துணிய என்ன மெட்ராசுக்குக் கொண்டுபோகவா?"

பாண்டீஸ்வரிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு, கழித்துப் போட்ட பேண்டேஜ் துணி ஒரு மூட்டையும் கயிறும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஹாலின் இந்த ஜன்னலிலிருந்து அடுப்படி நிலை வரைக்கும் இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் துணியைத் தொங்கவிட்டாள். ஜோசப் சார் படம், டிவி, அலமாரி எல்லாம் வெள்ளைக்குப் பின்னால் போய்விட்டன.

சனிக்கிழமை காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்த சதீஷ் அப்படியே திகைத்து நின்றுவிட்டான்.

"என்ன சித்தி இது? வீட்டுக்குள்ள என்ன கட்டி வச்சிருக்கீங்க?"

"பேசாம நின்னு பாருலே" என்றாள் ஹெப்சிபா.

சந்துக்குள் நடந்தாள். முட்டி வந்தது, பாதம் போனது, துணி அசையவில்லை. ஜன்னலிலிருந்து அடுப்படி வரைக்கும் யாரும் பிடிக்காமல் போய், திரும்பியும் வந்துவிட்டாள். சதீஷ் பையை இறக்கி வைக்கக்கூட மறந்துபோனான். ஆனாலும் அவன் விவரமானவன். அம்மாவின் முகத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"துணி இருக்கு, நடக்கீங்க. சரிம்மா. துணி இல்லாட்டி?"

அவன் எட்டி ஜன்னலிலிருந்த முடிச்சுகளை அவிழ்த்துவிட்டான். இரண்டு வரிசையும் பொதபொதவென்று தரையில் விழுந்தன. அம்மா காலில் மாட்டிவிடக்கூடாதென்று அவனே அள்ளி ஓரமாகப் போட்டான். பாண்டீஸ்வரிக்கு அவன் காதைத் திருக வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. முந்தாநாள் இரவு முழுக்க அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

ஹெப்சிபா வெறும் ஹாலில் நின்றாள். வலது காலை வைத்தாள். இடது கால் வட்டம் போட்டது, தடுமாறினாள். சதீஷ் பாய்ந்து வந்தான்.

"தொடாதலே!"

அவன் நின்றான். ஹெப்சிபா மூச்சு வாங்கினாள். கொஞ்ச நேரம் தன் இடது பாதத்தையே முறைத்துப் பார்த்தாள், பிந்தி வந்த பிள்ளையைப் பார்ப்பது போல.

"சதீஷ், நீ இந்தப் பக்கம் வா. இடது பக்கம். இன்னும் கிட்ட. பாண்டி, நீ அந்தப் பக்கம். ரெண்டு பேரும் என்கூடவே நடந்து வாங்க. யாரும் என்னைப் பிடிக்கக்கூடாது. நானும் உங்க மேல பட மாட்டேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தாள். சதீஷ் போட்டிருந்தது வெளிர் நிறத்தில் புதுப் பேன்ட், ஈஸ்டருக்கு எடுத்தது. அந்தப் பேன்ட்டில் படாமல் இடது முட்டி நேராக மேலே வந்தது. பாதம் முன்னே போனது. மறுபடியும் முட்டி. மறுபடியும் பாதம். சதீஷ் மூச்சுவிடாமல் ஒட்டி நடந்தான். ஹாலின் பாதியில் ஹெப்சிபா சொன்னாள், "ரெண்டு பேரும் அங்கேயே நில்லுங்க."

நின்றார்கள். அவள் நிற்கவில்லை.

இருபக்கமும் ஒன்றுமில்லை. வெறும் தரை, வெறும் காற்று. பாண்டீஸ்வரி கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். முட்டி. பாதம். ஒரு எட்டில் பாதம் கொஞ்சம் வெளியே போகப் பார்த்தது. "ம்ம்!" என்று தன் காலையே அதட்டினாள் டீச்சர். அது உள்ளே வந்துவிட்டது. அடுப்படி நிலையைத் தாண்டி, பாத்ரூம் வாசலில், அன்றைக்குத் தட்டி விழுந்த அதே படியைத் தாண்டிக் காலை உள்ளே வைத்து, மறுபடியும் வெளியே எடுத்து, திரும்பி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் யாரும் கேட்காமலே ஒரு காரியம் செய்தாள். நிலையை வலது கையால் இறுக்கிப் பிடித்தபடி இடது முட்டியைத் தூக்கினாள். இடுப்பை இத்தனூண்டு திருப்பினாள். பாதம் மெதுவாக முன்னே போயிற்று. பெரிய உயரமெல்லாம் இல்லை, ஒரு பூனையைக் கூட உதைத்திருக்க முடியாது. போன பாதம் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது.

"பாண்டி, காலு வீட்டுக்கு வந்துருச்சா?" என்றாள்.

பாண்டீஸ்வரி தலையை ஆட்டினாள்.

சதீஷ் ஹாலின் நடுவில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தான். ஓரமாகக் குவித்துப் போட்ட துணியை மடிமேல் இழுத்து, நுனியைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தினான்.

"சித்தி, இத உடனே பட்டறைக்குத் திருப்பிக் கொடுக்கணுமா?"

"கழிவுத் துணிதான். ஏன் கேக்க?"

"கொஞ்ச நாளைக்கு இங்கேயே இருக்கட்டும். அம்மா ராத்திரி எழுந்து போகும்போது தூக்கக் கலக்கத்துல காலு மறந்துபோகும்ல?"

சொல்லிவிட்டு எழுந்து போய், அடுப்படியிலிருந்து ஸ்டூலைத் தூக்கிவந்தான். இந்தத் தடவை ஹாலில் கட்டவில்லை. அம்மா படுக்கிற அறை வாசலிலிருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் கயிற்றை இழுத்தான். வீட்டைப் பூட்டுவது பற்றியோ, வாடகைக்கு விடுவது பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பாண்டீஸ்வரி கீழேயிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்று அவன் கையிலிருந்து நழுவித் தரையில் இழுபட்டது.

"ஏலே! துணி தரையில பட்டுச்சு, காலை ஒடிச்சிருவேன்!"

பாத்ரூம் நிலையைப் பிடித்து நின்றபடியே காது கிழியக் கத்தினாள் ஹெப்சிபா டீச்சர். ஸ்டூல்மேல் நின்ற சதீஷ் தன்னை அறியாமல் முதுகை நிமிர்த்தினான்.